கேமரா வைத்த பிறகு திருட்டு பாதியாகக் குறைந்தது என்கிறார்கள்: இந்தக் கணக்கை எப்படிச் சரிபார்ப்பது?

கடைவீதிக் கணக்கன்

வணக்கம். தஞ்சை மாவட்டத்தில் ஒரு நடுத்தர ஊரின் வணிகர் சங்கத்துக்கு வரவு செலவு எழுதுகிறவன் நான். தொழில் மளிகை மொத்த வியாபாரம். புள்ளியியல் என்பது பி.காம். படித்தபோது ஒரு தாளாக வந்து போனதோடு சரி.

2023 தீபாவளியை ஒட்டி எங்கள் கடைவீதியில் வரிசையாகத் திருட்டு. ஷட்டர் பூட்டை அறுத்துச் செல்போன் கடைக்குள் நுழைந்தார்கள். நகைப் பட்டறை ஒன்றில் கல்லாப் பெட்டியையே தூக்கிக்கொண்டு போனார்கள். கோயில் பக்கம் சங்கிலிப் பறிப்பு வேறு. சங்கம் கூடியது, கடைக்கு இவ்வளவு என்று வசூலித்தது, 2024 ஆவணியில் கண்காணிப்புக் கேமராக்கள் ஏறின. காட்சித் திரை காவல் நிலையத்தில் இருக்கிறது.

இப்போது ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள்: "கேமரா வந்தது, குற்றம் 50 சதவிகிதம் குறைந்தது". முந்தைய 12 மாதங்களையும் பிந்தைய 12 மாதங்களையும் ஒப்பிட்ட கணக்கு இது. இதைக் காட்டி, இரண்டாம் கட்டமாக மற்ற தெருக்களுக்கும் கேமரா வைக்க மறுபடியும் வசூல். பணம் கொடுக்கிற கடைக்காரர்கள் என்னிடம்தான் கேட்கிறார்கள், "கணக்குப் பிள்ளை, இது உண்மையா?" என்று.

வழக்குகளின் சரியான எண்ணிக்கையை வெளியில் எழுத வேண்டாம் என்று சங்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். பத்துக்குச் சற்று மேலே இருந்தது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியிருக்கிறது, அவ்வளவு சொல்லலாம். கேமராவை நான் எதிர்க்கவில்லை. கணக்கு நிற்குமா என்பதுதான் கேள்வி. எதை எதைப் பார்க்க வேண்டும்?

---

சேலத்துக்காரன்

கண் முன்னே குறைந்திருக்கிறது, இதில் என்ன ஆராய்ச்சி? எங்கள் பகுதியில் வண்டித் திருடன் ஒருவனைக் கேமராவை வைத்துத்தான் பிடித்தார்கள். சின்னத் தப்புக்கே கடுமை காட்டினால் பெரிய குற்றம் தானாக அடங்கும் என்பதற்கு நியூயார்க் நகரமே சாட்சி. சும்மா இருக்கிற சங்கத்தில் சந்தேகத்தைக் கிளப்பி இரண்டாம் கட்டத்தைக் கெடுத்துவிடாதீர்கள்.

---

உறையூரான்

கணக்கன் தம்பிக்கு,

அரசுத் துறை ஒன்றில் மாவட்டங்களிலிருந்து வரும் படிவங்களைக் கூட்டி அட்டவணை போடுவதே எனக்கு உத்தியோகமாக இருந்தது. அந்தப் பழக்கத்தில், சதவிகிதத்தை எங்கே கண்டாலும் அதற்கு அடியில் இருக்கும் எண்ணைத்தான் முதலில் தேடுவேன். உங்கள் ஃபிளெக்ஸில் 50 சதவிகிதம் பெரிய எழுத்தில் இருக்கும். எத்தனையில் எத்தனை என்பது சின்ன எழுத்தில்கூட இருக்காது.

எண்ணிக்கையை நீங்கள் சொல்லவில்லை. ஒரு பேச்சுக்கு 12 வழக்கு 6 ஆனது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 18. கேமராவால் எந்த மாற்றமும் இல்லை என்றால், அந்த 18 வழக்குகளில் ஒவ்வொன்றும் முதல் ஆண்டில் விழவும் இரண்டாம் ஆண்டில் விழவும் சம வாய்ப்பு. அதாவது 18 தடவை காசு சுண்டுகிறோம். அதில் 6 அல்லது அதற்குக் குறைவாகத் தலை விழ எவ்வளவு வாய்ப்பு? கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 12 சதவிகிதம் வருகிறது. எட்டு ஊரில் கேமராவே வைக்காமல் சும்மா இருந்தாலும் ஓர் ஊரில் இப்படிப் 'பாதியாக' இறங்கும். எண்ணிக்கை 120 ஆக இருந்து 60 ஆகியிருந்தால் பேச்சே வேறு. அது தற்செயலாக நடப்பதற்கு இடமே இல்லை. சதவிகிதம் இரண்டிலும் ஒன்றுதான். அதனால்தான் சதவிகிதத்தை மட்டும் எழுதிப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

ஆனால் இதுகூடச் சின்ன விஷயம். இந்தக் கணக்கே 'வைத்த நேரம் யதேச்சையானது' என்று நம்பிக்கொண்டு போடுவது. உங்கள் கதையில் யதேச்சை எங்கே இருக்கிறது? திருட்டு உச்சத்துக்குப் போனது, ஊர் கொதித்தது, அதனால் கேமரா வந்தது. உச்சத்தைப் பார்த்து வைத்த எதற்குப் பிறகும் இறக்கம்தான் வரும், ஏனென்றால் உச்சத்துக்குப் பின்னால் பெரும்பாலும் வருவது இறக்கம். அந்த ஆண்டு கேமராவுக்குப் பதில் காவல் தெய்வத்துக்குக் கிடா வெட்டியிருந்தாலும் எண்ணிக்கை இறங்கியிருக்கலாம். சாமிக்குச் சக்தி உண்டா இல்லையா என்பது வேறு வழக்கு.

இதற்கு அமெரிக்காவில் பழைய உதாரணம் ஒன்று உண்டு. கனெக்டிகட் மாநிலத்தில் 1955இல் சாலை விபத்துச் சாவு 324. ஆளுநர் ஆபிரகாம் ரிபிகாஃப் அந்த டிசம்பரில், வேகமாக ஓட்டிப் பிடிபட்டால் ஓட்டுநர் உரிமம் தற்காலிகமாகப் பறிக்கப்படும் என்று கெடுபிடி கொண்டுவந்தார். 1956இல் சாவு 284. நாற்பது உயிர் பிழைத்தது, 12.3 சதவிகிதம் குறைவு, திட்டம் வெற்றி என்று ஆளுநர் அறிவித்தார். டொனால்ட் கேம்ப்பெல், லாரன்ஸ் ராஸ் என்ற இருவர் 1968இல் இதை எடுத்துப் பிரித்தார்கள். அவர்கள் செய்த முதல் காரியம், இரண்டு புள்ளிக்குப் பதில் பல ஆண்டுப் புள்ளிகளை ஒரே படத்தில் போட்டதுதான். போட்டவுடன் தெரிந்தது, 1955 என்பதே வழக்கத்துக்கு மாறாகத் துருத்திக்கொண்டு நிற்கிற ஆண்டு. அடுத்ததாகப் பக்கத்து மாநிலங்களின் கோடுகளையும் சேர்த்து வரைந்தார்கள். கெடுபிடியால் எதுவுமே நடக்கவில்லை என்று அவர்கள் சொல்லவில்லை. அந்த நாற்பதை முழுவதுமாகக் கெடுபிடியின் பேரில் வரவு வைக்க முடியாது என்றார்கள்.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த பகுதி இதற்கும் அப்பால் இருக்கிறது. தண்டனை கடுமையானதும் மொத்தப் போக்குவரத்து வழக்குகளில் வேக வழக்கின் பங்கு குறைந்தது. நீதிமன்றத்தில் குற்றமற்றவர் என்று விடுபடுவோரின் பங்கு கூடியது. உரிமம் பறிக்கப்பட்ட பிறகும் வண்டி ஓட்டிப் பிடிபடுவோர் பெருகினார்கள். ஜனங்களின் கால் ஆக்ஸிலரேட்டரில் இறங்கியதோ இல்லையோ, எழுதுகிறவர்களின் கை மாறிவிட்டது. ஒரு கொள்கை வந்தால் குற்றம் மட்டும் மாறுவதில்லை, குற்றத்தைப் பதிகிற இடமும் சேர்ந்து மாறும். இதைப் பற்றிக் காவல் துறையில் இருந்தவர்கள் யாராவது இங்கே எழுதினால் நல்லது. வெளியிலிருந்து அட்டவணை மட்டும் பார்த்த நான் எழுதினால் பாதிதான் வரும்.

தம்பி செய்ய வேண்டியது: ஐந்தாறு ஆண்டுக் கணக்கை மாதவாரியாக எடுங்கள். கேமரா இல்லாத பக்கத்து ஊர்க் கணக்கையும் எடுங்கள். மாதத்தோடு மாதம் ஒப்பிடும்போது மட்டும் ஜாக்கிரதை. 2023இல் தீபாவளி நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31. நவம்பரை நவம்பரோடு வைத்துப் பார்த்தால் கூட்டமும் திருட்டும் தானாகவே குறைந்ததாகத் தெரியும்.

---

பழைய ரைட்டர்

உறையூரார் கூப்பிட்டதால் வருகிறேன். காவல் நிலையத்தில் ரைட்டராக, அதாவது புகாரையும் வழக்கையும் எழுதுகிறவனாக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த மாவட்டம் என்பது வேண்டாம்.

வெளியே இருப்பவர்கள் 'வழக்கு' என்றால் நடந்தது என்று நினைக்கிறார்கள். நடந்ததற்கும் வழக்குக்கும் நடுவில் எத்தனை படி! பர்ஸ் போனவர் நிலையத்துக்கே வருவதில்லை. செல்போன் போனவர் வருவார். சிம் வாங்கவும் இன்சூரன்ஸுக்கும் ஒரு தாள் வேண்டும், அதனால் வருவார். "பறித்துக்கொண்டு போனான்" என்று வாயால் சொல்வார். மனுவில் "தொலைந்துவிட்டது" என்று இருக்கும். சி.எஸ்.ஆர். ரசீதோடு, அதாவது மனு வந்தது என்பதற்கான ரசீதோடு, திரும்பிப் போவார். அது எஃப்.ஐ.ஆர். அல்ல, குற்றக் கணக்கில் ஏறாது. நான் பார்த்த இடங்களில் அதிகாரி மாறினால் சி.எஸ்.ஆருக்கும் எஃப்.ஐ.ஆருக்கும் இடையிலான விகிதமும் மாறும். ஒருவர் "வந்ததையெல்லாம் பதி" என்பார். அவர் இருக்கும் வரை அந்த நிலையம் மாவட்டத்திலேயே மோசமான நிலையமாகக் கூட்டத்தில் பேச்சு வாங்கும். இன்னொருவர் வருவார், ஆறு மாதத்தில் ஊரே ராமராஜ்யம்.

டில்லியைப் பாருங்கள். பிடியாணையில்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் பற்றித் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னது 2013 நவம்பரில். அங்கே 2013இல் இந்திய தண்டனைச் சட்ட வழக்குகள் சுமார் 80 ஆயிரம். 2014இல் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. ஒரே வருடத்தில் டில்லியில் திருடர்கள் இரட்டிப்பாகிவிட்டார்களா? தாராளமாகப் பதிந்தார்கள், அவ்வளவுதான். எதிர்ப்பக்கமும் உண்டு. 2020இல் நாடு முழுக்கக் குற்றம் 28 சதவிகிதம் கூடியதாக தேசிய குற்ற ஆவணக் காப்பக அறிக்கை காட்டும். உள்ளே போய்ப் பார்த்தால் 188ஆம் பிரிவு, அதாவது ஊரடங்கு மாதிரியான உத்தரவை மீறியது. முந்தைய ஆண்டில் 29,469 ஆக இருந்த அந்த வழக்கு 6,12,179 ஆகியிருந்தது. வண்டியில் காய்கறி வாங்கப் போனவரும் அதில் இருக்கிறார்.

இனி கணக்கன் கவனிக்க வேண்டிய ஒன்று. கேமரா வைத்தது 2024 ஆவணி என்கிறீர்கள். அதற்குச் சற்று முன்னால், 2024 ஜூலை 1 அன்று, சட்டமே மாறியது. இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. இதில் உங்கள் கணக்கைத் தொடுகிற இரண்டு விஷயம் உண்டு.

முதலாவது சங்கிலிப் பறிப்பு. பழைய சட்டத்தில் அதற்கென்று தனிப் பிரிவு கிடையாது. கழுத்தில் காயம் பட்டிருந்தால் 392, வழிப்பறி. காயமில்லாமல் இழுத்துக்கொண்டு ஓடியிருந்தால் 379, திருட்டு. ஒரே மாதிரிச் சம்பவம், அந்த அம்மாளின் கழுத்தில் கீறல் இருந்ததா என்பதைப் பொறுத்து வேறு வேறு பத்தியில் ஏறும். கீறலை எழுதுவதும் எழுதாமல் விடுவதும் எங்கள் கையில் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதிய சட்டத்தில் 304ஆம் பிரிவு பறிப்புக்கு என்றே இருக்கிறது. உங்கள் சங்கம் 'திருட்டு' என்ற தலைப்பை மட்டும் எண்ணியிருந்தால், பறிப்பெல்லாம் அந்தத் தலைப்பிலிருந்து எழுந்து வேறு தலைப்புக்குப் போயிருக்கும். திருட்டு குறைந்ததாகத் தெரியும்.

இரண்டாவது கடைக்காரர்களுக்கு முக்கியம். 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருள் திருட்டு, புதிய நடைமுறைச் சட்டத்தின் அட்டவணையில், நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரணையைத் தொடங்க முடியாத வகையில் போய்விட்டது. முன்னால் கடைக்கு வெளியே வைத்திருந்த மூவாயிரம் ரூபாய்ச் சரக்கு போனது என்று வந்தால் எஃப்.ஐ.ஆர். போட முடியும். இப்போது அதே சம்பவத்துக்குப் புகார்ப் பதிவும் ரசீதும்தான். கேமரா சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் இந்த வகை வழக்கு எண்ணிக்கை இறங்கத்தான் செய்யும்.

---

கடைவீதிக் கணக்கன்

ஐயா இருவருக்கும் நன்றி. ரைட்டர் ஐயா சொன்னதைப் படித்ததும் சங்கத்தின் கோப்பை வாங்கிப் பார்த்தேன். நான் இதுவரை மொத்தத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன். தேதிவாரிப் பட்டியலைக் கேட்கவே இல்லை.

'முன்' பட்டியலில் சங்கிலிப் பறிப்பில் பாதிக்கு மேல் ஒரே தேதி, 2024 தை மாதத்தில் எங்கள் கோயில் கும்பாபிஷேகம் நடந்த அன்று. புனித நீர் தெளித்தபோது எல்லோரும் கோபுரத்தைப் பார்த்து அண்ணாந்து நின்றார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் கழுத்தில் கை வைத்திருக்கிறார்கள். புகார்களில் சொல்லியிருக்கும் இடம்கூட ஒன்றேதான், தெற்கு வாசல் செருப்பு வைக்கும் இடத்துக்கும் குளக்கரைக்கும் நடுவே. அடுத்த கும்பாபிஷேகத்துக்கு வழக்கப்படி பன்னிரண்டு ஆண்டு ஆகும்.

ஷட்டர் பூட்டு அறுத்த வழக்குகள் 2024 மாசிக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. பக்கத்து மாவட்டத்தில் ஒரு கும்பல் பிடிபட்டதாக அப்போது பேச்சு இருந்தது நினைவுக்கு வருகிறது. அதாவது கேமரா வருவதற்குப் பல மாதம் முன்பே அது நின்றுவிட்டது.

5,000 ரூபாய் விஷயம்: 'முன்' பட்டியலில் அப்படிப்பட்ட சின்ன வழக்குகள் இருக்கின்றன, 'பின்' பட்டியலில் ஒன்றும் இல்லை. கடைக்காரர்களிடம் வாய்மொழியாகக் கேட்டால் சின்னத் திருட்டு நடக்காமல் இல்லை என்கிறார்கள்.

இதையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது விரல் விட்டு எண்ணக்கூடியது. தலைவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசிக்கிறேன்.

---

வாணி, லீட்ஸ்

கேமராவைப் பற்றியே பேசுவதால் இங்கிலாந்து அனுபவத்தைச் சேர்க்கிறேன். நான் இங்கே ஒரு நகராட்சியின் சமூகப் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பொதுப் பணத்தில் இத்தனை கேமரா வைத்த நாடுகள் அதிகமில்லை, அதனால் இவர்களுக்கே ஒரு கட்டத்தில் சந்தேகம் வந்தது. உள்துறை அமைச்சகத்துக்காக மார்ட்டின் கில்லும் ஏஞ்சலா ஸ்ப்ரிக்ஸும் 13 கேமராத் திட்டங்களை ஆராய்ந்து 2005இல் அறிக்கை கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் கேமரா இல்லாத, அதே போன்ற ஒரு பகுதியை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒப்பீட்டுப் பகுதியை விடக் கணிசமாகக் குற்றம் குறைந்தது ஆறு இடங்களில். தற்செயல் என்று தள்ள முடியாத அளவு குறைந்தது இரண்டே இடங்களில். அந்த இரண்டிலும் ஒன்றில் வேறு காரணம் இருக்க வாய்ப்பு இருந்தது. ஆக 13இல் உருப்படியாக மிஞ்சியது ஒன்று.

இதை வைத்துக் கேமரா வீண் என்று சொல்லிவிடவும் கூடாது. 40 ஆண்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எரிக் பீஸா, பிராண்டன் வெல்ஷ் முதலியோர் 2019இல் வெளியிட்ட தொகுப்பில் சராசரியாக 13 சதவிகிதம் குறைவு என்று வந்தது. வாகன நிறுத்துமிடங்களில் நல்ல பலன். வன்முறைக் குற்றத்தில் குறிப்பிடும்படி எதுவும் இல்லை. காட்சியை நேரடியாக ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் திட்டங்கள், பதிவு மட்டும் செய்பவற்றைவிட மேல்.

கணக்கன் அண்ணா, உங்கள் ஊரில் அந்தத் திரைக்கு முன்னால் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா?

பதிவு பற்றி ரைட்டர் ஐயா சொன்னது இங்கேயும் அப்படியே. 2014இல் காவல் துறையைக் கண்காணிக்கும் ஆய்வு அமைப்பு தணிக்கை செய்தபோது, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புகாராக வந்த குற்றங்களில் ஐந்தில் ஒன்று அளவுக்குப் பதியப்படவே இல்லை என்று தெரிந்தது. அதனால்தான் இங்கே போலீஸ் எண்ணிக்கையோடு, வீடு வீடாகப் போய் "கடந்த 12 மாதத்தில் உங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்கும் ஆய்வையும் அருகில் வைத்துப் பார்க்கிறார்கள்.

---

சேலத்துக்காரன்

சரி, ஒத்துக்கொள்கிறேன், ஃபிளெக்ஸ் கணக்கு ஆட்டம் கண்டுவிட்டது. ஆனால் நியூயார்க்குக்கு யாரும் பதில் சொல்லவில்லையே? அங்கே எண்ணிக்கை பத்துப் பன்னிரண்டு இல்லை, ஆயிரக்கணக்கில்.

இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு 'ஆனால்' போட்டுக்கொண்டே போனால் எந்த ஊரிலும் எதையும் செய்ய முடியாது. அவர் நாளைக்குக் கூட்டத்தில் எழுந்து என்ன சொல்ல வேண்டும், அதைச் சொல்லுங்கள்.

---

உறையூரான்

நியாயமான கோபம். முதலில் நியூயார்க்.

1990இல் அந்த நகரத்தில் கொலை 2,200க்கு மேல். 1998இல் அறுநூற்றுச் சொச்சம். எண்ணிக்கை பெரியது, தற்செயல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கேள்வி, எதனால் என்பது. சின்னத் தப்புக்கும் கடுமை காட்டிய ஜூலியானி அங்கே மேயரானது 1994 ஜனவரியில். கோடு அதற்கு முன்பே கீழே திரும்பிவிட்டது. அதே காலத்தில் அமெரிக்கா முழுவதும் குற்றம் சரிந்தது, நியூயார்க் பாணியைப் பின்பற்றாத சான் டியேகோவிலும் சரிந்தது.

கெல்லிங், சூசா என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2001இல் நகரத்தின் காவல் சரகங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். சின்னக் குற்றத்துக்குக் கைது அதிகம் நடந்த சரகத்தில் வன்முறை அதிகம் குறைந்தது. ஆகவே 60 ஆயிரத்துக்கு மேற்பட்ட வன்முறைக் குற்றங்கள் தடுக்கப்பட்டன என்றார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. 2006இல் ஹார்கோர்ட், லட்விக் இருவரும் அதே சரகங்களின் 1980களுக்குப் போனார்கள். கிராக் போதைப்பொருள் அலையில் எந்தச் சரகம் மிக உயரமாக ஏறியதோ, அதே சரகம்தான் பின்னால் மிக ஆழமாக இறங்கியது. மிக மோசமாக இருந்ததால் போலீஸும் அங்கேதான் அதிகம் குவிந்தது. கைதையும் இறக்கத்தையும் ஒன்றாகக் காட்டியது அந்தப் பழைய உயரம். கடைவீதித் தம்பியின் 2023 தீபாவளிதான் இது, அளவு மட்டும் பெரியது.

இதற்கு எதிர்த்தரப்பினர் செய்யும் தவறையும் சொல்கிறேன், இல்லாவிட்டால் நான் ஒருபக்கமாகப் பேசுவதாக ஆகிவிடும். அதே நகரத்தில் தெருவில் நிறுத்திச் சோதனையிடுவது 2011இல் 6,85,000 தடவைக்கு மேல் நடந்தது. 2014இல் 50 ஆயிரத்துக்கும் கீழே வந்தது. கொலை கூடவில்லை, 515லிருந்து 330 அளவுக்குக் குறைந்தது. "பார்த்தீர்களா, சோதனை பயனற்றது!" என்று பலர் எழுதினார்கள். இதுவும் முன்–பின் கணக்கேதான். சோதனையை நிறுத்தியதும் நகரம் எரிந்துவிடும் என்று சொன்னவர்களின் வாயை அடைக்க அது போதும். அதற்கு மேல் ஒன்றையும் அது நிரூபிக்காது.

இனி கூட்டத்தில் என்ன சொல்வது.

தலைவரிடம் "பொய் சொன்னீர்கள்" என்று போகாதீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. நிலையத்தில் கொடுத்த இரண்டு எண்களை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்தார். "இந்த எண் கேமராவின் பலனைக் காட்டவும் இல்லை, கேமராவுக்குப் பலனில்லை என்று காட்டவும் இல்லை" என்று சொல்லுங்கள். உங்கள் பட்டியலைக் கழித்துக் கழித்துப் பார்த்தால் மிஞ்சும் வழக்குகள் எந்த முடிவுக்கும் போதாது. இதை நேராகச் சொன்னால் வியாபாரிகளுக்குப் புரியும். கையில் சரக்கு இல்லாதபோது விலை பேச மாட்டார்கள் அவர்கள்.

அடுத்து, போலீஸ் எண்ணை நம்பி இருக்க வேண்டாம். உங்கள் கையில் அதைவிட நல்ல கருவி இருக்கிறது. சங்க உறுப்பினர் பட்டியல்! கடைக்குக் கடை போய் மூன்று கேள்வி. கடந்த ஆறு மாதத்தில் கடையில் ஏதாவது திருட்டு நடந்ததா, எவ்வளவு மதிப்பு, புகார் கொடுத்தீர்களா. சந்தா வாங்கப் போகிற பையனே கேட்டு எழுதலாம். கேமரா உள்ள தெரு, இல்லாத தெரு இரண்டிலும் கேட்க வேண்டும். கேமரா பற்றிய பேச்சை எடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டும். எடுத்துவிட்டால் ஆள் ஆளுக்குத் தலைவருக்குப் பிடித்த பதிலைச் சொல்வார்கள். சட்டப் பிரிவு மாறினாலும் அதிகாரி மாறினாலும் இந்தக் கணக்கு மாறாது.

மூன்றாவதுதான் முக்கியம். இரண்டாம் கட்டக் கேமராக்கள் எல்லாம் ஒரே நாளில் ஏறப்போவதில்லை. பணம் வர வர, தெருத் தெருவாகத்தான் ஏறும். அப்படியானால் எந்தத் தெரு முதலில் என்பதைத் தலைவரும் முடிவு செய்யக் கூடாது, திருட்டும் முடிவு செய்யக் கூடாது. சீட்டு எழுதிக் குலுக்கிப் போடுங்கள். முதலில் வந்த தெருக்கள் ஒரு பக்கம், காத்திருக்கும் தெருக்கள் மறுபக்கம். இரண்டிலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே மூன்று கேள்வி. யாருக்கும் எதுவும் மறுக்கப்படவில்லை, வரிசை மட்டும் குலுக்கலில். உச்சத்தில் இருந்த தெருவைத் தேடிப் பிடித்து வைத்தார்கள் என்ற பழைய தலைவலி அத்தோடு தீர்ந்தது. சில தெருக்களை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாதுதான். ஃபிளெக்ஸைவிட ஆயிரம் மடங்கு மேல்.

அதோடு பக்கத்துத் தெருவையும் விடாமல் எழுதிவையுங்கள். கேமரா உள்ள தெருவிலிருந்து திருடன் அடுத்த தெருவுக்கு நகர்ந்திருந்தால், ஊருக்கு லாபம் ஒன்றுமில்லை.

வாணி அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லையே?

---

பழைய ரைட்டர்

குலுக்கல் நல்ல யோசனை. ஒன்றே ஒன்று: குலுக்கலில் எந்தத் தெரு வந்தது என்பதை நிலையத்துக்கு விழா எடுத்துச் சொல்லாதீர்கள். சொன்னால் அந்தத் தெருவுக்கு ரோந்தும் சேர்ந்து போகும். பிறகு குறைந்தது கேமராவாலா, ரோந்தாலா என்று உறையூரார் அடுத்த கேள்வியைக் கிளப்புவார்.

---

கடைவீதிக் கணக்கன்

வாணி அம்மாவுக்கு: போய்ப் பார்த்தேன். திரை இருக்கிறது, உட்கார ஆள் இல்லை. சம்பவம் நடந்த பிறகு பதிவைத் திருப்பிப் பார்ப்பதோடு சரி. இரண்டு கேமராக்களின் முன்னால் துணிக்கடை விளம்பரப் பலகை வந்து மறைக்கிறது. அவை எப்போதிலிருந்து எதையும் காட்டவில்லை என்பது யாருக்கும் தெரியவில்லை. ஆக 'பின்' 12 மாதம் என்று நாங்கள் எழுதியதில் எத்தனை மாதம் கேமரா வேலை செய்தது என்பதே இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கடைக் கணக்கெடுப்புக்குச் செயற்குழு சம்மதித்துவிட்டது. மூன்று கேள்வியோடு "கடை பூட்டும் நேரம்" என்று நானாக ஒன்று சேர்த்திருக்கிறேன், அது இருக்கலாமா? குலுக்கலுக்கும் சரி என்றார்கள். ஆனால் தலைவரின் கடை இருக்கும் தெருவை மட்டும் குலுக்கலில் சேர்க்காமல் முதலிலேயே போட்டுவிடலாம் என்று பொருளாளர் சொல்கிறார்.

---

உறையூரான்

பூட்டும் நேரம் இருக்கட்டும், உபயோகப்படும். தலைவர் தெருவை முதலிலேயே போடுவதானால் போட்டுக்கொள்ளட்டும், தடுத்துச் சண்டை வேண்டாம். கணக்கெடுப்பில் அதை இரண்டு பக்கத்திலும் சேர்க்காமல் தனியாக எழுதி வையுங்கள்.